பகுதி

உலக உடல்நலம், முதுநிலை, இரண்டாம் பருவம்.
காரைக்குடியில், ஒரு விசிறி மட்டும் ஓடும் வகுப்பறை.
பேராசிரியர் சுவரில் வரைபடத்தை விழவைத்தார்:
பகலில் கடிக்கும் கொசு
கப்பலேறிப் போன வழியெல்லாம் சிவப்புக் கோடு.
"நம்ம ஊர் எங்கே சார்?" என்றாள் உம்முஹபீபா.
நம்ம ஊர் இருக்கவேண்டிய இடத்தில்
பல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது.

களப்பணிக்கு எனக்குக் கோட்டையூரில் ஒரு தெரு.
நாற்பது வீடு. ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கரண்டி, படிவம்.
ஆட்டுக்கல் குழியில் பார்த்தேன்,
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டுப் பார்த்தேன்.
"ஏன் கொசுப்பொண்ணு, எங்க வீட்டில் என்னத்தைத் தொலைச்சே?"
என்று கேட்டவர்களுக்கும் கையெழுத்துப் போட
இடம் இருந்தது படிவத்தில்.

திறந்தவை இருபத்து மூன்று.
பதினேழு பூட்டு.
பூட்டிய வீட்டுக்குக் குறியீடு ஒன்பது;
ஒன்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று
அடிக்குறிப்பு சொல்கிறது, சின்ன எழுத்தில்.
ஆக, தொகுதியில் ஒன்று, பகுதியில் இருபத்து மூன்று.
நான்கு புள்ளி மூன்று சதவீதம்.
ஐந்துக்குக் கீழே. தெரு நலம்.

அதே தெருவில் ஐப்பசியில் நாலு பிள்ளைக்குக் காய்ச்சல்.
ஒருவன் யுகேஷ், மூன்றாம் வகுப்பு.
அவன் அம்மா பாகம்பிரியாள்
பூட்டிய வீடொன்றின் வாசலைக் கூட்டிக் கோலமிடுபவள்,
உள்ளே போனவள் அல்ல.

காய்ச்சலுக்கு ஓர் எடை உண்டு எங்கள் பாடத்தில்,
சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே, மூன்று தசமம் வரை.
அதை விளக்கினேன் அவளிடம். ஏன் விளக்கினேனோ.
அவளும் ஓர் எடை சொன்னாள்:
தோடு, நாலு கிராம், அடகில்.

இந்த ஊரில் புள்ளி என்றால் குடும்பம்.
அந்த வீட்டுக்குப் பதினொரு புள்ளி,
தலைக்கொரு சாவி, ஆளுக்கொரு நேரமண்டலம்.
தெருக்கதவுச் சாவி பள்ளத்தூர் மளிகைக்கடையில் இருந்தது.
வளவுச் சாவி ஏழாம் பங்கிடம்.
ஏழாம் பங்கு கோலாலம்பூரில்.

வாட்ஸப்பில் முகம் தெரிந்தது.
சாத்தப்பன். ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தார்.
நான் டெங்கு என்று தொடங்குமுன்
"இங்கேயும் அதாம்மா," என்றார்.
"சின்னவளுக்குப் பிளேட்லெட் இருபதாயிரம்.
இன்னிக்குத்தான் இட்லி கேட்டா."
போனைத் திருப்பினார்: ஒரு சிறுமி,
புறங்கையில் பிளாஸ்திரி, அதே கையால் ஆட்டினாள்.
வளவுப் பூட்டை உடைத்துக்கொள்ளச் சொன்னார்.
"மத்த பத்துப் பேருக்கு நான் சொல்லிக்கிறேன்."

மூலையில் வெண்கலக் கிடாரம்,
கல்யாணச் சோறு வடித்தது,
ஓட்டுச்சரிவின் மழை முழுக்க அதில்.
கரண்டியை விட்டேன். வெளிச்சம் பட்டதும்
தலைகீழாய்த் தொங்கியவை நெளிந்து அடியில் ஓடின.
பாடநூலில் லார்வா.
"கூத்தாடிப் புழு," என்றாள் பாகம்பிரியாள்,
"இம்புட்டு ஆட்டமா!"
சாத்தப்பன் திரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.
"தரை மங்கலையே," என்றார் முதலில்.
நான் கரண்டியைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.
பிறகு அவர் பேசவில்லை.

இருவரால் சாய்க்க முடியவில்லை கிடாரத்தை.
மக்கால் இறைத்தோம், ஒன்றரை மணி நேரம்,
வெயில் பட்ட மண்ணில் ஊற்றினோம்,
சாக்கடையில் ஊற்றினால் அவை பிழைத்துவிடும்.
இடையில் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை;
தூணில் சாய்த்த போனில்
மருத்துவமனையின் மணி அடித்தபடி இருந்தது.

தொகுதியில் இரண்டு, பகுதியில் இருபத்து நான்கு.
எட்டுப் புள்ளி மூன்று.
தெரு இப்போது நோயாளி.
பேராசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு
"எப்படி இரட்டிப்பானது?" என்று எழுதியிருக்கிறார்.

பதில் எழுத இடம் விட்டிருக்கிறார், ஒரு வரி.
நான் இன்னும் எழுதவில்லை.
பதினாறு பூட்டு பாக்கி.
நாளை காலை துபாய்க்கும் செம்பனார்கோயிலுக்கும் போன் போடணும்,
யாரோ ஒரு மூன்றாம் பங்கைத் தேடி.