பதினைந்தாம் நிமிடம்

ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகளுக்கு அடியில்
வெள்ளி உறைகளில் கிடக்கின்றன மூன்று பூக்கள்.
பூ என்பது பேச்சுக்கு.
பார்த்தால் கோழித் தீவனம்.
ரூஃபஸ் ஒவ்வொன்றாய்க் கிள்ளித் திறந்து
மூக்கை உள்ளே விடுகிறான்.
சென்டென்னியல்:
எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியது.
சிட்ரா:
மாம்பழக் கூடையின் அடி வைக்கோல்.
மூன்றாவது உறையில் பெயர் அழிந்துவிட்டது.
பூனை மூத்திரம் என்றேன்.
கொய்யா என்றான்.

எதைப் போடுவது என்று
நாங்கள் சண்டை போட்டதே இல்லை.
எப்போது போடுவது என்றுதான்.

முதலில் போட்டால் கசப்பு.
ஒரு மணி நேரக் கொதியில்
வாசமெல்லாம் ஜன்னல் வழியே மேடவாக்கம் போய்விடும்,
கசப்பு மட்டும் சட்டியில் தங்கும்.
கடைசியில் போட்டால் வாசம்.
கசப்பு எழுந்துகொள்ள நேரமிருக்காது.
அதே பூ. அதே கிராம்.
அடுப்பை அணைத்தபின் ரசத்தில்
கொத்தமல்லி கிள்ளிப்போடுகிறவர்களுக்கு
இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

நவம்பர் ஞாயிறு, பள்ளிக்கரணையில் விடாத மழை.
போர் தண்ணீரின் உப்பு
கசப்பைச் சொரசொரப்பாக்கும் என்பதால்
கேன் தண்ணீர்.
ரெண்டு பேருக்கு மூணு கேனா என்று கேட்டுக்கொண்டே
நான்கு மாடி ஏறி வைத்துவிட்டுப் போனார் கேன்காரர்.

அறுபதில் சென்டென்னியல், இருபது கிராம்.
பச்சை நுரை விளிம்புவரை பொங்கி வந்தது.
சிம்மில் வை, சிம்மில் வை என்று கத்தினான்.

அழைப்பு மணி.
அசோசியேஷன் செயலாளர் கோமளவல்லி,
குடையும் மூக்கைப் பொத்திய முந்தானையுமாக.
என்ன வாடை இது?
நிலவேம்பு மேடம், டெங்கு சீசன்.
ரூஃபஸுக்குப் பொய் சட்டென்று வரும்.
அப்ப எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைங்க.
கதவைச் சாத்திவிட்டு
தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.
பிறகு நாட்டு மருந்துக் கடைக்கு
நனைந்துகொண்டு ஓடினேன் நான்.

திரும்பியபோது போனில் பதினெட்டு நிமிடம் மிச்சம்.
பதினைந்துக்குப் போட வேண்டியதை
உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன்.
கசப்பும் இல்லாமல் வெறும் வாசமும் இல்லாமல்
ருசி என்ற ஒன்று
அந்த நேரத்தில்தான் இறங்கும் என்பது அவன் கொள்கை.

சட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான்:
டப்ளின்ல கிடைச்சிருச்சுடா. ஜனவரி.

விசா?

செப்டம்பரிலேயே வந்துருச்சு.

செப்டம்பருக்குப் பிறகு மூன்று முறை காய்ச்சியிருக்கிறோம்.
ஒவ்வொரு பாட்டிலையும்
இந்தப் பால்கனியில் உட்கார்ந்துதான் தீர்த்தோம்.
அதில் எந்த இரவில் சொல்லியிருக்கலாம் என்று
ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
அவனும் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்,
வாடகை, அட்வான்ஸ், அம்மாவின் மூட்டு வலி.

போன் இரண்டு காட்டியது.
உள்ளங்கையில் வியர்வை பட்டுக் குழைந்து
பச்சைக் களிம்பாகியிருந்தது.
போடட்டுமா?
லேட்டு, என்றான்.

அணைத்ததும் சிட்ரா, ஐம்பது கிராம்.
மேடவாக்கம் மீன் கடை ஐஸை பாத்ரூமில் கொட்டி
அதன் நடுவே சட்டியை இறக்கினோம்.
ஆறும்வரை யாரும் பேசவில்லை.
கோமளவல்லிக்கான நிலவேம்பு
சின்ன அடுப்பில் தனியே கொதித்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திறந்தோம்.
எடுத்த எடுப்பில் கசப்பு.
விழுங்கியபின் மாம்பழம்.
நடுவில்,
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று நம்பி
கால் வைத்தது போல இருந்தது நாக்குக்கு.
நல்லாத்தான் இருக்கு, என்றான் ரூஃபஸ்.
நான் இன்னொரு பாட்டில் எடுத்துவரப் போனேன்.

இப்போது ஏப்ரல்.
ஃப்ரீசரில் வஞ்சிரம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.
அதன் அடியில் அந்த உறை, பாதி காலி.
நேற்று கறுப்பு மார்க்கரை எடுத்து
பனியை விரலால் துடைத்துவிட்டு
அதன்மேல் எழுதினேன்:
கொய்யா.