எட்டு நிமிடத்துக்குக் கட்டம் இல்லை

கண்ட்லாவில் மூன்று நாள் சரக்கு இறக்கினோம்.
ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு
என்று மெஸ் சுவரில் ஒட்டியிருந்தது.
ஓய்வின் ஆறில் குழாய் மாட்ட ஒன்று,
சர்வேயரோடு தொட்டி அளக்க ஒன்றரை,
பூட்ஸைக் கழற்றச் சோம்பி
படுக்கை விளிம்பில் உட்கார்ந்திருந்தது அரை.
மிச்சத்தைத் தூக்கம் என்று எழுதினோம்.
மிச்சத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதினோம்.

இப்போது மும்பைக்கு வெளியே நங்கூரம்.
ஜவஹர் தீவில் இடம் கிடைக்க
இரண்டு நாள் என்கிறான் ஏஜெண்ட்,
சாயங்காலம் கேட்டால் நான்கு.

நள்ளிரவு முதல் நான்கு மணி வரை என் காவல்.
பகலிலும் அதே பன்னிரண்டு, அதே நான்கு.
பிரிட்ஜ் சுவரில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரு சிவப்பு மினுக்கும்: இருக்கிறாயா?
பொத்தானை அமுக்கினால் இருக்கிறேன்.
அமுக்காவிட்டால் இங்கே கத்தும்,
பிறகு கேப்டன் அறையில் கத்தும்.
கேட்குமுன்னே எழப் பழகிவிட்டது என் கை.
கை விழித்திருக்கிறது.
மற்றதைப் பற்றி அது விசாரிப்பதில்லை.

எதிரே கொலாபா.
தூங்காத நகரம் என்று சொல்பவர்களை
ஒருநாள் இங்கே நிறுத்த வேண்டும்.
இரண்டு மணிக்கு மேல் ஜன்னல் ஜன்னலாக
முறை வைத்துத் தூங்குகிறது அது.

எனக்குத் தூக்கம் கண்ணில் வருவதில்லை.
முதலில் காது போகும்.
ரேடியோவில் யாரோ பைலட்டைக் கூப்பிடுவது
பக்கத்து வீட்டு டி.வி. போல ஆகும்.
அப்புறம் முழங்கால்.
நாற்காலி வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள்;
நின்றபடி தூங்கக் குதிரைகளுக்குத் தெரியும்,
செகண்ட் ஆபீசர்களுக்கும்.

"சாப், அந்த விளக்கு நகருது."

மோரேஷ்வர் தண்டேல். கையில் இரண்டு டீ.
எங்கள் தூத்துக்குடித் தோணியில்
தலைவனைத் தண்டல் என்போம்;
இவனுக்கு அது குடும்பப் பெயர் மட்டும்.
காலையிலிருந்து தொட்டிக்குள் கழுவிக்கொண்டிருந்தவன்.
அவன் வீடு அந்தக் கரையில்தான்,
எட்டு மாதமாகப் போகவில்லை,
இரவெல்லாம் அந்தப் பக்கமே பார்ப்பான்.
அதனால்தான் அவனுக்குத் தெரிந்தது.

பிராங்ஸ் கலங்கரை விளக்கம்
இருபத்து நான்கு பாகையில் இருக்க வேண்டும்.
பத்தொன்பதில் இருந்தது.
விளக்குகள் நகர்வதில்லை.
ஆறு ஷாக்கிள் சங்கிலியும் இழுபட
முப்பதாயிரம் டன் நாங்கள்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தோம்.
கடிகாரம் 03:20.
கடைசியாக நான் அமுக்கியது 03:12.
பெட்டிக்கு இன்னும் நான்கு நிமிடம் பொறுமை இருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார் கேப்டன் மொகந்தி.
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.
எஞ்சின், மேலும் இரண்டு ஷாக்கிள்,
பின்னால் நின்ற கன்டெய்னர் கப்பலுக்கு ஒரு மன்னிப்பு.
நங்கூரம் பிடித்தது.
தண்டேல் டீயை மறுபடி சூடாக்கப் போனான்.

திட்டுவார் என்று நின்றேன்.
"போய்ப் படு. நான்கு வரை நான் நிற்கிறேன்."
அவருடைய பதிவேட்டில் அந்த நேரம்
தூக்கம் என்று நிரப்பியிருந்தது,
மாத முதல் தேதியிலேயே,
முப்பதாம் தேதி வரைக்கும்.

படுத்தேன். கண் மூடவில்லை.
கை மட்டும் இருட்டில் ஒருமுறை எழுந்து
எதையோ அமுக்கியது.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரு கட்டம் என்பது அரை மணி.
வேலை, அல்லது ஓய்வு.
பத்து மணி நேர ஓய்வு குறைந்தால் சிவப்பாகும்;
இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் சிவப்பு ஆகாது.
எட்டு நிமிடத்தை எதில் வைப்பது?
யாரும் தொடாத குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
03:12 முதல் 03:20 வரை தூங்கினேன், நின்றபடி.
முதலில் பார்த்தது தண்டேல்.

சேமித்தேன்.
பச்சையாகவே இருந்தது.