கைதான நாள் முதல்

லெபோ லைட் நீதிமன்றத்தில் என் வேலை
மலாயில் விழுவதைத் தமிழில் பிடிப்பது.
பதினெட்டு வருடமாகப் பிடிக்கிறேன்.
சில சொற்கள் கை நழுவும்.

"ரெமிசி" என்றார் அரசு வக்கீல்.
தண்டனைத் தள்ளுபடி, என்றேன்.
கூண்டில் தலையசைத்தான் குணாளன்,
சங்கிலிமுத்து மகன்,
பட்டர்வொர்த் கிடங்கில் கணக்கு எழுதியவன்.
வக்கீலுக்குப் பணமில்லை.
கட்டம் போட்ட பள்ளி நோட்டில்
பென்சிலால் தானே எழுதிய மனு.

ஆறு வருடம். மூன்றில் ஒரு பங்கு கழிவு. மீதி நான்கு.
இதில் யாருக்கும் சண்டை இல்லை.
எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான்.
தீர்ப்பு நாளிலிருந்து என்கிறது சிறைக் கோப்பு.
கைதான நாள் முதல் என்கிறான் இவன்.
நடுவில்,
ஜாமீன் கட்ட ஆளில்லாமல்
ஜாலான் குருத்வாரா மதிலுக்குள் கிடந்த
நானூற்று மூன்று நாள்.
அதே கம்பி, அதே கஞ்சி,
அதே ஐந்தரை மணி விசில்.

"நானூற்று இரண்டுதானே?"
"அந்த வருஷம் பிப்ரவரிக்கு
இருபத்தொன்பது நாள், யாங் ஆரிஃப்.
அன்னைக்கு எனக்குப் பல்வலி."
பல்வலியையும் மொழிபெயர்த்தேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முதல் என்றால் தொடக்கம்.
கிடங்குக் கணக்கில் முதல் என்றால் போட்ட பணம்.
இவன் போட்ட முதல் எந்த ஏட்டிலும் வரவாகவில்லை.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கூடாது.

கோப்பு வரவில்லை, ஒத்திவைப்பு.
அதிகாரி விடுப்பில், ஒத்திவைப்பு.
தீபாவளி வந்தது, சீனப் பெருநாள் வந்தது,
நீதிபதி ஈப்போவுக்கு மாறினார்,
புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டுமென்றார்.
எந்த நாள்களைத் திருப்பிக் கேட்டானோ
அவற்றை உள்ளே உட்கார்ந்தே முடித்துவிட்டான்.

தீர்ப்புக்கு வெளிவாசல் வழியாக வந்தான்.
அட்டையில் மடித்திருந்த கோடு அழியாத
புதுச் சட்டை.
"அகாடமிக்" என்றார் நீதிபதி.
ஆள்தான் வெளியே வந்தாயிற்றே,
இனி எதைத் தீர்மானிப்பது?
ஏட்டுச் சுரைக்காய் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
"இனிப் பயனில்லை என்பதால், உங்கள் மனு
தள்ளுபடி."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
அவன் கேட்டிருந்ததும் அந்தச் சொல்லைத்தான்.
தமிழில் வேறொன்று இருந்திருக்கலாம்.
அந்த நேரத்துக்கு வரவில்லை.

வெளியே, என் கார் கண்ணாடியில்
நகராண்மையின் சம்மன்.
பதினோரு நிமிடம் அதிகம்.
பின்னாலேயே வந்தவன் அதை உருவியெடுத்து
முன்னும் பின்னும் திருப்பி, பொடி எழுத்துவரை வாசித்தான்.
"பதினாலு நாளுக்குள்ள கட்டினா பாதிதானாம்."
விரலை மடக்க ஆரம்பித்தவன்
சுண்டுவிரலிலேயே நின்றான்.
"இன்னைக்கும் சேர்த்தாக்கா,
இல்ல நாளையிலேர்ந்தா?"