கள்ளத்தொண்டை

பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
இருபத்தொரு வருடமாய்க் கிராணி நான்.
லோரி ஏறும், எழுதுவேன்.
குலையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டி ஏறும், எழுதுவேன்.
கழித்தது போக நிற்பது
தோட்டத்துக்குச் சேர வேண்டியது.
ஒரு கள்ளக்கணக்கு கிடையாது என்னிடம்.

பேச்சில் எனக்குத் தவில் தொண்டை.
"இன்னாசி இருமினா மரத்துக் குரங்கு இறங்கிரும்"
என்பான் லோரிக்காரப் பாவ்சி,
லயத்தில் வளர்ந்த மலாய்க்காரன்.
பதினாலு வயதில் மகரக்கட்டு உடைந்தபோது
இருந்தது ஒரு பானைதான் என்று
எல்லாரும் நினைத்தார்கள். நானும்.
ஓட்டைப் பொறுக்கினால்
உள்ளே இன்னொன்று, கீறலில்லாமல்.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர்ச் சத்தம் இருக்கும்வரை
அதைத் தட்டிப் பார்ப்பேன்.

பாட்டுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர்
கள்ளத்தொண்டை.
யாரிடம் திருடினேன்?
எங்கள் வீட்டில் பெண்கள்கூட
இவ்வளவு உயரம் ஏறியதில்லை.

மருந்துக்கடை செலின் ஓங்
மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள்.
ஆல்ட்டோ பாடிய இருவரும்
ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.
பெரிய வெள்ளிக்குப் பதினோரு நாள்.
யாரோ என் குளியலறை ஜன்னலைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.
வாயைத் திறக்கச் சொன்னாள்,
மாத்திரை கொடுக்கப்போகிறவள் மாதிரி.
"ஐரோப்பாவில் இதற்குச் சம்பளம் உண்டு" என்றாள்.
"முழு நாணும் அதிர வேண்டாம். ஓரம் மட்டும்."
எனக்கு ஓரம் தெரியும்.
புதுச் சீட்டுக்கட்டின் ஓரம்
விரலை அறுப்பது, ரத்தம் வந்தபிறகுதான் உறைக்கும்.

வேலைநேரத்தில் பாடியது குற்றம்தான்.
அன்று நல்ல மழை.
வாக்கி-டாக்கியின் பொத்தான்
கோப்புக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது
எனக்குத் தெரியாது.
வரிசையில் நின்ற பதினொரு லோரியும்
லத்தீனில் அழுதன.
முடித்துக் கோப்பை எடுத்தேன்.
வைப்பர் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு பாவ்சி, அவனுக்கு வராத மெதுவில்:
"கிராணி... அந்த அக்கா யாரு?"
தவிலை எடுத்தேன்.
"அடுத்த வண்டி!"

பெரிய வெள்ளியன்று
என்னைவிட ஒரு சாண் குட்டையான பெண்களுக்கு நடுவில்
முழுக்கைச் சட்டையில் நின்றேன்.
முதல் சுரத்துக்கு
முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பித் தேடின,
பாடுவது எந்த அம்மா என்று.
மெற்றில்டா தலை நிமிரவில்லை.
அவள் கையிலிருந்த புத்தகம்
திருப்பப்படாத ஒரே பக்கத்தில் நின்றது.
நான் எந்தச் சுரத்தில் இறங்கினேன் என்று
எனக்கே நினைவில்லை.

மோட்டாரில் வீடு திரும்பும்போது
ரப்பர் மரங்கள் முடிந்து செம்பனை தொடங்கும் வளைவில்
பின்னாலிருந்து சொன்னாள்:
"தண்ணி பில்லு ஏன் அவ்வளவு வந்துச்சுன்னு
இப்பதான் தெரியுது."
அவள் நெற்றி என் முதுகில் இருந்தது.
சிரித்தாளா என்று முதுகால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை மேடையில் வண்டி இல்லை.
ஆனாலும் எண்பலகையில்
பத்து கிலோ. இருபது. மறுபடி பத்து.
காற்று வந்து ஏறினால் அப்படித்தான்.
அதற்கு நாங்கள் சீட்டு கிழிப்பதில்லை.

"கிராணி," ரேடியோவில் பாவ்சி,
"அக்கா இன்னிக்கு லீவா?"

"வருவாங்க" என்றேன்.
கோப்பை எடுத்துப்
பொத்தான்மேல் வைத்தேன்.