எச்சக் காற்று

"ஊதுங்க எய்லிஃப், ஊதுங்க, இன்னும், இன்னும்..."
திரையில் கோடு உச்சிக்கு ஏறிச் சரிந்து
தரையைத் தொடத் தயங்குகிறது.
ஆறாவது விநாடியில் குழாயை எடுத்துவிட்டார்:
"காலி, ஸுன்னிவா. வரி அலுவலகத்துக்கு எழுதிவிடு."

முப்பது வருஷம் டிரோம்சோ ஏற்றங்களில்
கடிதம் சுமந்தவர்.
மூக்குக் கிளிப்போடு சிரித்தால்
வாத்துக் குரல்.

காலி இல்லை.
எவ்வளவு ஊதினாலும் இரண்டு லிட்டர் போல
உள்ளேயே நின்றுவிடும்.
இந்தக் கருவிக்கு அது தெரியவும் தெரியாது.
சிற்றறைச் சுவர்கள் ஒட்டிப்போகாமல்
காவல் நிற்கிற காற்று.

"யாருக்கு வைத்திருக்கிறேனாம்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மறுபடி ஊதச் சொன்னேன்.
மூன்று முறை, விதி.

வெளியே மைனஸ் பதினான்கு.
பேருந்து நிறுத்தம் வரை
அவருக்கு முன்னால் வெள்ளையாய் நடக்கிறது
கொடுக்க முடிந்தது மட்டும்.