கடைசி மீன் தலை

பாயான் லெப்பாஸில் மூன்றாவது இரவு.
கணக்கில் ஒன்று குறைகிறது.
நாற்பது லட்சம் பாக்கெட்டுக்கு ஒன்று.
அச்சிட்டுப் பார்க்க ஒரு வரி சேர்த்தால்
குறைவதில்லை. வரியை எடுத்தால் குறைகிறது.
விளக்கைப் போட்டால் நல்லவனாகிவிடும் திருடன்.

பழைய நிரலில் இந்தத் தொல்லை இல்லை.
கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு.
ஒரு கோர் உள்ளே போனால்
அறுபத்து மூன்றும் வாசலில் நிற்கும்,
டயர் வெடித்த ஒற்றை லாரிக்காகப்
பாலம் முழுக்க ஹாரன் அடிக்கும் காலைபோல.
அதை உடைத்துச் சின்னச் சின்னப் பூட்டாக்கியது நான்தான்.
பதினொரு மடங்கு வேகம்.
கேக் கூட வெட்டினோம்.

இரண்டு மணிக்கு நாசி கண்டார் கடை.
சட்டியில் ஒரே ஒரு மீன் தலை.
இப்ராம்ஷா எட்டிப் பார்த்து
"இருக்கும்மா" என்றார் என் மேசைக்கு.
அதே நொடியில் ரூபெலும் எட்டிப் பார்த்து
"அடா, அடா" என்றான் டாக்சிக்காரருக்கு.
இருவரும் பொய் சொல்லவில்லை.
பார்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவே
காவலில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வெண்டைக்காய் வந்தது.
அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுதும்போதுதான் பூட்டுகிறேன்.
படிக்கும்போது திறந்தே கிடக்கிறது.

ஓடி வந்து
பூட்டை இரண்டு வரி மேலே ஏற்றினேன்.
கணக்கு நேரானது.
நாலு பத்துக்கு இயந்திரம் உறைந்தது.

அலறவில்லை, விழவில்லை,
விசிறி மட்டும் சுற்றியது.
வரிசைப் பூட்டைப் பிடித்தபடி
எண்ணிக்கைப் பூட்டுக்குக் காத்திருந்தது ஒரு கோர்.
எண்ணிக்கையைப் பிடித்தபடி
வரிசைக்குக் காத்திருந்தது இன்னொன்று.

இதையும் அந்தக் கடையில் பார்த்திருக்கிறேன்.
குழம்பெல்லாம் கலந்து ஊற்றச் சொன்னால்
இவர் கையில் கோழிக் கரண்டி,
அவன் கையில் சோத்தோங் கரண்டி,
ஒருவர் சட்டியை மற்றவர் பார்த்தபடி.
பிறகு ரூபெல் சிரித்துக்கொண்டே கீழே வைப்பான்.

கோர்களுக்குச் சிரிக்கத் தெரியாது.
ரூபெல் கீழே வைப்பதை
நான்தான் எழுதவேண்டும்.

நிரலின் தலையில் குறிப்பெழுதினேன்:
எந்தச் சட்டியானாலும் இடமிருந்து வலம்.
அழித்தேன். ஹாஃபிசுக்குப் புரியாது,
அவன் அங்கே சாப்பிடுவதில்லை.
முதலில் வரிசை, பிறகு எண்ணிக்கை. எப்போதும்.

ஆறேகால். வாசலில் ஷிப்ட் பஸ்கள்.
ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் உறையவில்லை.
சரியாகிவிட்டதா
என்று கேட்டாள் காவல் அறையிலிருந்த புஷ்பராணி.
இதுவரைக்கும், என்றேன்.