எடைக்குப் போட்டது

அடுப்படிப் பரணில் விரிசல் விழுந்தது
அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்.
முதலில் பல்லிவால் அளவு.
ஆனி பிறக்கையில் அதற்குள் பல்லியே போய்வந்தது.

கொத்தனார் ஒச்சப்பன் ஏணியில் ஏறி
விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு
காதைக் கொடுத்துக் கேட்டார்.
"தூண் ஒண்ணு நிப்பாட்டணும்க்கா, பதினாலாயிரம் ஆகும்.
இல்லாட்டி மேல இருக்க பாரத்தக் கொறைங்க."
அந்த அடுப்படியில்
தூண் நிற்கலாம்
அல்லது நான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இறங்கியது.
தவலை நாலு, குடம் பதினொன்று,
ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகி
பிரிக்க முடியாமல் போன தூக்குவாளிகள்,
முறுக்கு உரல் மூன்று, மூன்றுக்கும் அச்சு காணோம்.
டிவி வந்த அட்டைப்பெட்டி
டிவி போய் ஒன்பது வருஷம்.
மிக்சி பெட்டிக்குள் கிரைண்டர் பெட்டியின் தெர்மாகோல்.
பாலித்தீன் பைக்குள் பாலித்தீன் பைகள்
அவற்றுக்குள் கல்யாண வீட்டு மஞ்சள் பைகள்.
வீட்டில் இருப்பது இரண்டு பேர்.
ஓசூரிலிருந்து மகள்
"எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று
வீடியோ காலில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து
"இது இருக்கட்டும்" என்றார் இவர்.
எண்ணினேன், பதினேழு தடவை.
பிறகு டீ குடிக்கப் போனார்.
அந்த அரை மணி நேரத்தில்தான்
பாதிப் பரண் வாசலுக்கு வந்தது.

செல்லூரிலிருந்து பீர் ஒலி
டிரைசைக்கிளோடு வந்தார்.
கொக்கித் தராசில் தொங்கிய தவலை
மெல்லச் சுழன்று
புள்ளி புள்ளியாய் வெட்டிய பேர்களைக் காட்டியது.
வாடிப்பட்டிக்காரர் தெரிந்தார்,
எழுத்துப்பிழையோடு ஓர் உசிலம்பட்டிக்காரர் தெரிந்தார்.
தூக்குவாளி மூடியில் ஒரு குடும்பம்,
வாளியில் வேறு குடும்பம்.
திரும்பி வந்த இவர் கேட்டார்:
"பேர் வெட்டியிருக்கதுக்கு வெலையக் கொறைப்பீகளா?"
"பேருக்கு எட கெடையாதுண்ணே."

கடைசியில் அண்டா.
சோழவந்தான் பரமசிவம் – தனபாக்கியம்
அன்பளிப்பு 6.9.96.
என் மதினி வைத்தது.
தென்னந்தோப்புப் பாகத்தில்
பேச்சு முறிந்து பதினாறு வருஷம்.
அதில் ஒருநாளும் தண்ணீர் பிடித்ததில்லை,
யாருக்கும் தூக்கிக் கொடுத்ததும் இல்லை.
சண்டை தீர்ந்தால் வேண்டியிருக்கும் என்றா,
தீராமல் இருக்க வேண்டியிருக்கும் என்றா,
யோசித்ததும் இல்லை.
இவர் முகத்தைப் பார்த்தேன்.
இதற்கு மட்டும் "இருக்கட்டும்" வரவில்லை.
கன்னத்தைச் சொறிந்துகொண்டு
தெருவைப் பார்த்தார்.

மொத்தம் நாற்பத்தொரு கிலோ.
இரண்டாயிரத்து ஐம்பது ரூபாய்.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.
நம்பர் மாறியிருக்கும் என்ற தைரியத்தில் போட்டேன்.
மாறவில்லை.
"மதினி, நீங்க வெச்ச அண்டாவ
இன்னைக்கு எடைக்குப் போட்டுட்டேன்."
சோழவந்தானில் ஒரு ரயில் கடந்து முடியும்வரை
பதில் இல்லை.
"எம்புட்டு இருந்துச்சு?"
"அஞ்சே முக்கா."
"ஆறரைல்ல அது. தராசப் பாத்தியா நீயி?"
"பாத்தேன் மதினி. இத்தன வருசத்துல தேஞ்சிருக்கும்."
"பொழங்காத சாமான் எப்பிடிடீ தேயும்?"
புழங்காதது அவருக்கு எப்படித் தெரியும்,
நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் இருமினார்.
"நீ வெச்ச ரெண்டு தவலையும் இங்கதான் கெடக்கு, மச்சுல.
ஏறி எறக்க முட்டி விடமாட்டேங்குது.
அந்தாளு இம்புட்டுத் தூரம் வருவாரா?
நம்பரச் சொல்லு, எழுதிக்கிறேன்."

பேனா தேடுகிற சத்தம்.
எதுவோ உருண்டு, இன்னொன்றில் இடித்து நிற்கிற சத்தம்.
நான் லைனிலேயே இருந்தேன்.